திருச்செங்கோட்டு ரிக்குக்கு ஒரு ஜிபிஎஸ்

முதலாளி மேஜை மேல் தள்ளிய தாளில் 31 ஊர்ப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்: ஒன்று ஆறு இலக்கம், இன்னொன்று ஏழு இலக்கம். தலைப்பில் ‘36 எஸ்’ என்று மட்டும் போட்டிருந்தது. தான்சானியாவில் டொடோமா, சிங்கிடா சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் குடிநீர் போர் போடுகிற வேலை. துளை போடுகிற ரிக் லாரியும் கம்ப்ரசர் வண்டியும் கப்பலேறப் போகின்றன. பின்னாலேயே நானும் டிரில்லர் அண்ணனும் கிளம்ப வேண்டும்.

“ஏப்பா, இந்த நெம்பரைப் போனுல போட்டா ஊரு காட்டாதா?”

போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஊர்ப் பெயரைப் போட்டால் அதே பெயரில் நாலு ஊர் வந்தது.

நம்மூரில் பாயிண்டுக்குப் போக ஜிபிஎஸ் என்ற பேச்சே எழுந்ததில்லை. ஏஜெண்ட் பைக்கில் முன்னால் போவார், வண்டி பின்னால் போகும். தோட்டத்தில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த இடத்தில் நாலு கல்லும் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும். அதுதான் பாயிண்ட். ராஜஸ்தான் போனாலும் சத்தீஸ்கர் போனாலும் இதே கதைதான், என்ன, எலுமிச்சம்பழம் இருக்காது. முதல் தடவையாக எண்ணைப் பார்த்து வண்டி விட வேண்டிய வேலை. “எதாச்சும் ஒரு கருவி வாங்கிப் போடு, காசு பார்க்காத” என்றார். காசு பார்க்காதே என்றால் என்ன அர்த்தம் என்று பதினைந்து வருசமாக அவரிடம் இருக்கிற எனக்குத் தெரியும்.

போனை அவசரப்பட்டுக் கழித்துவிட வேண்டியதில்லை. சிம் இல்லாவிட்டாலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும், முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்ச நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். ஓஸ்மாண்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச வரைபடத்தை நாடு வாரியாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் வேண்டாம். தாளில் இருந்த மாதிரி எண்ணையும் அதில் போட முடியும். தார் ரோட்டுக்கு இதுவே தாராளம். ஆனால் ஏப்ரல் வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் அரை மணி வைத்ததும் சூடேறி, திரை மங்கி, தானே அணைந்துவிட்டது. அதோடு டிரில்லர் அண்ணன் கிரீஸ் கையோடு திரையைத் தேய்த்தால் வரைபடம் எங்கெங்கோ ஓடுகிறது. “தம்பி, இது பொட்டி தட்டறவங்களுக்கு ஆகும். நம்ம கைக்கு ஆகாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து டேஷ்போர்டில் ஒட்டுகிற ஏழு இன்ச் ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பேர் வேண்டாம். கூட வந்த சார்ஜர் காருக்கானது, 12 வோல்ட். ரிக் லாரியில் 24. இது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். ஆனால் சிகரெட் லைட்டர் ஓட்டை இரண்டிலும் ஒரே அளவுதானே, கை பழக்கத்தில் சொருகிவிட்டது. புகை வரவில்லை, வாசனைதான் வந்தது. சார்ஜரோடு பெட்டியும் போயிற்று. இரவல் கொடுத்த பங்காளிக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் செலவு அதுதான். வாங்குகிறவர்கள் ‘12–24 வோல்ட்’ என்று எழுதியிருக்கிற அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். லாரி, ஜீப் இரண்டிலும் மாற்றி மாற்றி மாட்டுவதாக இருந்தால் அதற்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கையடக்கக் கருவிகள் பக்கம் வந்தேன். மூன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், மூன்றும் கார்மின் கம்பெனி.

மொன்டானா 700 அஞ்சு இன்ச் திரை. கையுறை போட்டுக்கொண்டே தொடலாம், தண்ணீர் பட்டாலும் தாங்கும். வண்டியில் வைத்துப் பார்க்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் விலை கேட்டதும் முதலாளி முகம் போன போக்கு. அதுவும் தனியாக ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கிப் போட்டால்தான் ஏஏ செல் போட முடியும். இட்ரெக்ஸ் 32எக்ஸ் விலை குறைவு, இரண்டு ஏஏ செல்லில் நாள் முழுக்க ஓடும். ஆனால் திரை 2.2 இன்ச். எனக்கே வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டது, அண்ணனைக் கேட்கவே வேண்டாம். அதில் இருக்கிற குட்டிக் குச்சியை அவர் கட்டை விரல் அமுக்கினால் ஒரே சமயத்தில் மூன்று பக்கம் போகிறது.

நடுவில் இருந்தது ஜிபிஎஸ்மேப் 65. திரை 2.6 இன்ச். முகப்பில் நல்ல பெரிய பட்டன்கள். இரண்டு ஏஏ செல், மெமரி கார்டு போட இடம். ஆப்பிரிக்காவில் எந்தக் குக்கிராமத்துக் கடையிலும் ஏஏ செல் கிடைக்கும். சுவாஹிலியில் கடைக்கு ‘டுகா’ என்றுதான் பேர், இந்தியில் கடையைச் சொல்கிற துகானுக்கு உறவுச் சொல். செல் தீர்ந்தால் வண்டியை நிறுத்தாமல் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

65 என்றும் 65எஸ் என்றும் இரண்டு இருக்கின்றன. ‘எஸ்’ வைத்ததில் காந்த திசைகாட்டியும் காற்றழுத்தமானியும் உண்டு. அதற்கு எதற்குக் கூடக் காசு என்று முதலில் நினைத்தேன். எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் திசைகாட்டி இல்லாத ஒரு பழைய கருவியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று தெரியாது. நடந்தால்தான், முன்னே இருந்த இடத்தையும் இப்போது இருக்கிற இடத்தையும் வைத்துத் திசை கணக்குப் பண்ணும். நின்றால் அம்பு பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது. பாயிண்டுக்கு இருபது மீட்டரில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய எங்களுக்கு அது ஆகாது. 65எஸ் வாங்கினேன். ஆனால் திசைகாட்டி இருந்தால் அதற்கும் ஒரு சீக்கு உண்டு: இரும்புக்குப் பக்கத்தில் கெட்டுப்போகும். செல் மாற்றினால் திரும்ப அளவு திருத்த வேண்டும், அதை ரிக் வண்டியை விட்டு முப்பது அடி தள்ளிப் போய்ச் செய்ய வேண்டும். அண்ணன் ரிக்கின் இரும்புக் கோபுரமான மாஸ்ட் பக்கத்திலேயே நின்று திருத்திவிட்டு, “கிழக்கு எங்கியோ போயிருச்சே தம்பி” என்று கூப்பிட்டார்.

கடைக்காரர் “இந்திய நாவிக்கும் உண்டுங்க” என்று ஒரு கருவியைக் காட்டினார். நாவிக் என்பது ஜிபிஎஸ் மாதிரி நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அது இந்தியாவுக்கும் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் என்று அமைத்தது. டொடோமாவுக்கு அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. அங்கே அமெரிக்க ஜிபிஎஸ், ரஷ்ய குளோனாஸ், ஐரோப்பிய கலிலியோ, சீன பெய்டூதான்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். சிக்னல் இல்லாத காட்டில் இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்புகிற கருவிகள் உண்டு. மொன்டானா 700-லேயே ‘ஐ’ எழுத்துச் சேர்ந்த மாடல் அந்த வகை. காட்டு வேலைக்கு உயிர் காக்கிற சாமான். ஆனால் இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரர்கள் நம் விமான நிலையங்களில் மாட்டியிருக்கிறார்கள். ‘ஐ’ எழுத்துப் போட்ட மாடலை யாராவது துபாயில் சல்லிசாக வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் தாளில் இருந்த முதல் ஊரைப் போட உட்கார்ந்தேன். அந்த எண்கள் யூடிஎம் கணக்கு. உலகத்தை ஆறு ஆறு பாகையாக 60 ஜோன்களாக நறுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் மீட்டர் கணக்கில் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று சொல்வது. கருவி ஜோனோடு ஒரு எழுத்தும் கேட்டது. தாளில் 36 எஸ் இருக்கிறதே என்று எஸ் போட்டேன். அம்பு நேராக வடக்கே நின்றது. தூரத்தைப் பார்த்தால் வடதுருவத்துக்குப் போகிற கணக்கு.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தாள் எழுதியவர் எஸ் என்று போட்டது தெற்கு என்பதற்கு. கருவி கேட்பது அட்சரேகைப் பட்டையின் எழுத்தை. அந்த வரிசையில் எஸ் என்றால் 32 முதல் 40 பாகை வடக்கு, 36 ஜோனில் அது சைப்ரஸ், லெபனான் பக்கம். டொடோமா, சிங்கிடா இருக்கிற பட்டைக்கு எழுத்து எம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எண் மைனஸில் போகாமலிருக்க ஒரு கோடி மீட்டரைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் தாளில் 94 லட்சத்துச் சொச்சம் என்று வந்திருந்தது. அதை வடக்கே என்று எடுத்துக்கொண்டால் ஆர்க்டிக் கடல்தான். எம் என்று மாற்றியதும் அம்பு தென்மேற்கே திரும்பி ஆப்பிரிக்காவைக் காட்டியது. முதலாளியிடம் சொன்னேன். “ஒரு எழுத்துக்கு இத்தனை அக்கப்போரா?” என்றார்.

ஜோன் விசயம் நம்மூரிலேயே பிடிபட்டது, அதுவும் தற்செயலாக. திருச்செங்கோட்டில் கருவியை யூடிஎம்மில் வைத்தால் 43 பி என்று காட்டும். நாமக்கல்லுக்கு ஒரு ஹேமர் பிட் வாங்கப் போனபோது பக்கத்து சீட்டில் கருவியைப் போட்டிருந்தேன். கிழக்கு எண் எட்டு லட்சத்துப் பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே வந்தது. 8,27,000 தாண்டியதும் கண்ணெதிரே 1,72,000 ஆகிவிட்டது. கருவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வண்டியை ஓரங்கட்டினேன். ஜோன் 44 பி என்று மாறியிருந்தது. இரண்டு ஜோனுக்கும் எல்லை கிழக்கு 78 பாகை. அந்தக் கோடு திருச்செங்கோட்டுக்கு நேர்கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், நமக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓடுகிறது. வண்டியைத் திருப்பி அந்த இடத்தை மூன்று தரம் கடந்து பார்த்தேன். ரோட்டோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மிணி, “ஏனுங்க, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?” என்று கேட்டார்.

அன்று ராத்திரி தாளை மறுபடி எடுத்தேன். டொடோமா இருப்பது கிழக்கு 35.7 பாகை சொச்சத்தில், 36 பாகையில் ஜோன் எல்லை. நமக்கு 78 மாதிரி அவர்களுக்கு 36, ஊருக்குக் கொஞ்சம் கிழக்கே. தாளில் முதல் 24 ஊர்களுக்குக் கிழக்கு எண் ஆறே முக்கால் லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை இருந்தது. கடைசி ஏழு ஊருக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். தலைப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் 36 எஸ். அந்த ஏழும் டொடோமாவுக்குக் கிழக்கே, 37-வது ஜோனில் இருக்கிற ஊர்கள். தாளை அப்படியே நம்பிப் போட்டிருந்தால் டாங்கனிகா ஏரிக்குப் போகிற வழியில், சரியான இடத்துக்கு 660 கிலோமீட்டர் மேற்கே போயிருப்போம். மறுநாள் மெயில் போட்டேன். ஆமாம், 37 என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பாகைக் கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது, அதில் விழுந்தது என் மச்சான். கோபியில் ஒரு பாயிண்டை வாட்ஸப்பில் 11.45, 77.43 என்று அனுப்பியிருந்தார்கள். கருவி வாங்கும்போது பாகை, நிமிசம் என்ற அமைப்பில் இருந்தது. மச்சான் 11 பாகை 45 நிமிசம், 77 பாகை 43 நிமிசம் என்று தட்டிவிட்டான். புள்ளிக்கு அப்புறம் இருக்கிற 45 என்பது பாகையில் நூற்றுக்கு 45 பங்கு, அதாவது 27 நிமிசம். வித்தியாசம் 18 நிமிசம், ஒரு நிமிசம் 1.85 கிலோமீட்டர். கிழக்கிலும் இதே மாதிரி. கோபியிலிருந்து நேர்கோட்டில் 45 கிலோமீட்டர் தள்ளி, மேட்டூருக்கு மேற்கே மலைச் சரிவில் போர் போடச் சொல்லிற்று கருவி. “மாப்ள, அங்க வண்டி ஏறாதுங்க” என்றான் மச்சான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கொல்லிமலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறைச் சுவர், மேலே மரம். சோதிக்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. 20,200 கிலோமீட்டர் மேலே இருந்து வருகிற சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வந்தால் கருவி அந்தச் சுற்று வழியையும் தூரமாக எண்ணிக்கொள்ளும். 65எஸ் இரண்டு அலைவரிசையில் கேட்பதால் அந்தப் பொய்யை ஓரளவு கண்டுபிடிக்கிறது. என் பழைய போன் பதிந்த கோடு வளைவுகளை அறுத்துக்கொண்டு பாறைக்குள் போய் வந்தது. 65எஸ் கோடு ரோட்டை விட்டு அதிகம் விலகவில்லை. சமவெளியில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, இதையும் சொல்லத்தான் வேண்டும். மலை, காடு போகாதவர்களுக்கு இந்தச் செலவு தண்டம்.

அன்றே இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் காரவள்ளி வழியாக ஏற ‘ரூட்’ போட்டு ஏற்றியிருந்தேன். கருவி அதைத் தானாகத் திரும்பக் கணக்குப் பண்ணி முள்ளுக்குறிச்சி வழியைப் பிடித்துக்கொண்டது. ரூட் என்பது இங்கே இங்கே போக வேண்டும் என்ற விருப்பம், வழியை முடிவு பண்ணுவது கருவியும் அதிலிருக்கிற வரைபடமும். ‘டிராக்’ என்பது ஏற்கெனவே ஒருவர் போன தடம், அதைக் கருவி மாற்றாது. மண் ரோட்டுக்கு டிராக்தான். யாரிடம் கேட்டாலும் ஜிபிஎஸ் கருவிகள் படிக்கிற ஜிபிஎக்ஸ் ஃபைலில் டிராக்காகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வரைபடத்துக்கு இரண்டு வழி பார்த்தேன். டிராக்ஸ்ஃபார் ஆப்பிரிக்கா என்று தென்னாப்பிரிக்காக்காரர்கள் விற்கிற வரைபடம் ஒன்று. காட்டு வழியில் வண்டி ஓட்டினவர்கள் கொடுத்த தடங்களை வைத்துக் கட்டியது. இத்தனை கிலோமீட்டர் என்பதோடு இத்தனை மணி நேரம் ஆகும் என்றும் சொல்கிறது. மண் ரோட்டில் கிலோமீட்டருக்கு அர்த்தம் கிடையாது, மணி நேரம்தான் கணக்கு. அதை வாங்கினேன். கூடவே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து கார்மினுக்கு மாற்றிக் கொடுக்கிற இலவச ஃபைலையும் இறக்கினேன். மெமரி கார்டை ஃபேட்32-ல் ஃபார்மேட் பண்ணி, ‘கார்மின்’ என்ற பேரில் ஃபோல்டர் போட்டு, இறக்கிய ஐஎம்ஜி ஃபைலை அதற்குள் வைத்தால் போதும். இலவசம்தானே என்று நினைத்தேன், ஆனால் தான்சானியாவில் சில கிராமப் பகுதிகளுக்கு அதில் குடிசை குடிசையாகக் குறித்திருக்கிறது. 2015-லிருந்து கிரவுட்டூமேப் என்று தன்னார்வலர்கள் செய்கிற வேலை. பெண் குழந்தைகளுக்குச் செய்கிற பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்குக்குப் பயந்து ஓடி வருகிறவர்களைக் காப்பகத்துக்குக் கூட்டிவர ஊர் எங்கே என்று தெரிய வேண்டும், அதற்காக ஆரம்பித்தது. நாங்கள் அதை வைத்துக்கொண்டு போர் போடப் போகிறோம்.

மாட்டுகிற கொக்கியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பட்டறைக்காரர் கோபித்துக்கொள்வார். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கப் புழுதியில் ஒட்டாது. இரண்டு நாளில் விழுந்துவிட்டது. ரிக் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர் மாமாவிடம் போனேன். அஞ்சு மில்லி பட்டையை வளைத்து டேஷ்போர்டில் போல்ட் போட்டுக் கொடுத்தார். கல்லு மாதிரி இருந்தது. கம்ப்ரசரை ஸ்டார்ட் பண்ணியதும் அந்தப் பட்டை வீணைத் தந்தி மாதிரி அதிர ஆரம்பித்தது, திரையில் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. “கனம் போட்டாப் பத்தாதுங்க மாமா, ஆடுதே” என்றேன். பட்டையைக் கழற்றி, பாதி நீளத்தை வெட்டித் தள்ளினார். மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு வைத்துப் பற்ற வைத்தார். அடியில் பழைய டியூபை இரண்டு மடிப்பாக வெட்டி வைத்து, லாக் நட் போட்டு இறுக்கினார். கருவியைச் சுற்றி சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வளையம். அவ்வளவுதான். இருநூறு ரூபாய் கேட்டார். தகரக் கூரை மாதிரி அலை அலையாக எழுந்து நிற்கிற அந்த ஊர்ச் செம்மண் ரோட்டில் மூன்று மாதம் போய் வந்தும் அது அசையவில்லை. ஒயர்தான் மூன்று முறை போயிற்று. இந்தக் காலத்திலும் இந்தக் கருவிக்கு மினி யூஎஸ்பி, எங்கேயும் கிடைக்காது. நாலு ஒயர் கொண்டு போங்கள்.

தார் எஸ் சலாமில் இறங்கி முதல் தடவை ஆன் பண்ணியபோது இடம் பிடிக்கச் சில நிமிசம் ஆயிற்று. அணைத்தே கொண்டுபோன கருவி இன்னும் திருச்செங்கோட்டு வானத்தையே தேடிக்கொண்டிருக்கும். திறந்த வெளியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். டொடோமா வரைக்கும் 450 கிலோமீட்டர் தார் ரோடு, நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வழி தவறவே முடியாது. ஜிபிஎஸ் அங்கே எதற்கு என்றால் வேகத்துக்கு. ஒவ்வொரு ஊருக்குள்ளும் 50-க்கு மேல் போகக் கூடாது, மரத்தடியில் வேகம் பார்க்கிற துப்பாக்கியோடு போலீஸ்காரர் நிற்பார். ஜீப்பின் முள் காட்டுவதை நம்பாமல் கருவி காட்டுகிற வேகத்தை வைத்து ஓட்டினோம்.

சிங்கிடா பக்கம் முதல் ஊருக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். ரிக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நானும் அண்ணனும் கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நாற்பது மீட்டர், பன்னிரண்டு, மூன்று, சுழி. நின்ற இடத்தில் புல்லும் கரிசலும். அந்த ஊரில் எம்புகா என்கிறார்கள், மழை பெய்தால் ரிக் அச்சு வரைக்கும் இறங்கிவிடுகிற மண். இடம் பார்த்துச் சொன்ன ஜியாலஜிஸ்ட் அடித்து வைத்த முளை எதையும் காணோம். அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். “இங்க எவனும் பாயிண்டு குடுக்க மாட்டான் தம்பி.”

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, தெற்கே கை காட்டிக் கூட்டிப் போனார். செம்மண் மேட்டில், பாறை தலை காட்டுகிற இடத்தில், சிவப்புப் பெயிண்ட் அடித்த முளை. கருவியில் பார்த்தால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் கூட, தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து.

டிரைவரிடம் ஜியாலஜிஸ்ட் கொடுத்த முழு ரிப்போர்ட் இருந்தது. எங்களுக்கு வந்தது அதன் சுருக்கப் பட்டியல்தான். ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில் ஆர்க் 1960 என்று ஒரு வார்த்தை. பூமி சரியான உருண்டை இல்லையே, அதனால் ஒவ்வொரு வட்டாரத்து சர்வேக்காரர்களும் தங்களுக்கு ஒத்துவருகிற ஒரு உருவத்தை எடுத்துக்கொண்டு அளந்திருக்கிறார்கள். அதற்குத்தான் டேட்டம் என்று பேர். கிழக்கு ஆப்பிரிக்காவின் பழைய சர்வே வரைபடங்களுக்கு ஆர்க் 1960. ஜிபிஎஸ்ஸுக்கு டபிள்யூஜிஎஸ் 84. எண் ஒன்றேதான், டேட்டம் மாறினால் அந்த எண் குறிக்கிற இடம் அங்கே ஏறக்குறைய 300 மீட்டர் நகர்ந்துவிடும். வழி காட்ட 300 மீட்டர் பெரிதில்லை, ஊர் தெரிந்துவிடும். போர் போட 300 மீட்டர் என்பது பாறைக்கும் சேற்றுக்கும் இருக்கிற தூரம்.

செட்டிங்கில் போய் ஆர்க் 1960 என்று மாற்றினேன். பழையபடி கரிசலுக்கே அம்பு காட்டியது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கருவியைப் பார்த்தேன். பத்து நிமிசம் ஆயிற்று விளங்க. ஏற்கெனவே போட்டு வைத்த பாயிண்டைக் கருவி தனக்குள் டபிள்யூஜிஎஸ் 84 ஆகத்தான் சேமித்திருக்கிறது. டேட்டத்தை மாற்றினால் திரையில் எண் மாறும், இடம் மாறாது. பாயிண்டை அழித்துவிட்டு, டேட்டம் மாற்றிய பிறகு அதே எண்ணைத் திரும்பத் தட்ட வேண்டும். தட்டினேன். முளையிலிருந்து நாலு மீட்டர் காட்டியது. முளைக்கு நேரே நின்று, நாலு மீட்டருக்கு யாரும் சண்டை போட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி கொசுவலைக்குள் உட்கார்ந்து மீதி முப்பது ஊரையும் அழித்துத் திரும்பப் போட்டேன். போட்டு முடித்ததும் டேட்டத்தை மறக்காமல் டபிள்யூஜிஎஸ் 84-க்குத் திருப்பினேன். யாராவது போனில் எண் அனுப்பினால் அது அந்தக் கணக்கில்தான் வரும். கருவியின் முதுகில் மருத்துவ டேப் ஒட்டி பேனாவில் எழுதினேன்: முதல் 24 ஊர் 36 எம், கடைசி ஏழு 37 எம், தாள் என்றால் ஆர்க், போன் என்றால் 84.

அப்புறம் எல்லா ஊரும் ஒழுங்காகவே கிடைத்தது, ஒன்றைத் தவிர. 31-வது ஊரில் கருவி காட்டிய இடம் ஒரு பெரிய பாவோபாப் மரத்தடி, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை வீடு இல்லை. ஜோன் பார்த்தேன், எழுத்து பார்த்தேன், டேட்டம் பார்த்தேன். எல்லாம் சரி. தாள் தட்டியவர் கை எங்கோ இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். டிரைவர் போன் போட்டுப் பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பைக்கில் வந்து சேர்ந்தார். பைக்குக்கு அங்கே பிக்கிபிக்கி என்று பேர். எங்களைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். அண்ணன் ரிக்கை ஸ்டார்ட் பண்ணினார். “ஏஜெண்டு வந்துட்டாரு, அதை ஆஃப் பண்ணி வை தம்பி.”